தேன் மிச்சமிருக்க நனைந்து செத்த கூட்டம்: குளிர்காலத் தேனீப் பெட்டியின் ஈரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பனி உறையும் பகுதிகளில், குளிர் விலகும் தறுவாயில் பெட்டியைத் திறப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. இலையுதிர் காலத்தில் எட்டுச் சட்டம் (தேனடையைத் தாங்கும் மரச்சட்டகம்) நிறையத் தேனீ இருந்தது. ராணி இருந்தது. 25 கிலோவுக்குக் குறையாமல் தேன் இருந்தது. இப்போது மூடியைத் தூக்கினால் கூட்டம் முழுவதும் செத்துக் கிடக்கிறது, தேனில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. "குளிர் தாங்கவில்லை" என்று சொல்லிப் பெட்டியைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. உலர்ந்த தேனீ, பக்கத்தில் தேன் இருக்கும்வரை கடுங்குளிரையும் தாங்கும். நனைந்த தேனீயால் உறைநிலைக்கு மேலான குளிரைக்கூடத் தாங்க முடியாது.

இங்கே ஆராய்வது ஒரு குறிப்பிட்ட பெட்டியை அன்று. ஒரே அடையாளங்களோடு ஆண்டுதோறும் திரும்ப வரும் ஒரு சாவின் வகைமாதிரியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குக்கு வசதியாக அதற்கு ஓர் உருவம் கொடுப்போம்: பத்துச் சட்ட லாங்ஸ்ட்ராத் பெட்டி (சட்டங்களைக் கழற்றி எடுக்கக்கூடிய வழக்கமான மரப்பெட்டி), இரண்டு அடுக்கு, 20 மி.மீ. பைன் பலகைச் சுவர். மேலே 20 மி.மீ. பலகை மூடி, அதன் மேல் தகடு. கீழ் வாசல் குறுக்கப்பட்டிருக்கிறது. மேலே திறப்பு எதுவும் இல்லை. வெளியே பல வாரங்களாக உறைநிலைக்குக் கீழே, சில இரவுகளில் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ்.

பிணக்கூறாய்வு: எது சான்று, எது சான்றல்ல

மூடியைத் தூக்கியதும் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இந்த வகைச் சாவில் அங்கே, திரள் (குளிருக்கு ஒன்றையொன்று ஒட்டிக் கூடிய தேனீக்கள்) இருந்த இடத்துக்கு நேர் மேலே, வட்டமாக நீர்க்கறை படிந்திருக்கும். கறை வட்டத்தில் உள்ள ஆணித் தலைகள் துருவேறியிருக்கும். அதற்கு நேர் கீழே சட்டங்களின் மேற்கட்டைகளில் சொட்டு விழுந்து வழிந்த தடம் தெரியும். தேனீக்கள் கறுத்து, மயிர் ஒட்டி, கொத்தாகப் பிசுபிசுத்துக் கிடக்கும். மூடாத தேன் அறைகளில் தேன் நீர்த்து, புளித்த வாடை வரும்.

பூசணத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. எந்தக் காரணத்தால் செத்த கூட்டமாக இருந்தாலும், சூடேற்ற ஆளில்லாத பெட்டியில் இரண்டு மூன்று வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். அது சாவுக்குப் பின்னால் வந்ததாக இருக்கலாம். மூடியின் கறையும் மேற்கட்டையின் சொட்டுத் தடமும்தான் உயிரோடிருந்தபோது நடந்ததைச் சொல்லும், ஏனென்றால் வெப்பம் தருகிற திரள் கீழே இருந்தால்தான் அந்த வட்டம் விழும்.

மற்றச் சாவுகளைப் பிரித்தறிய வேண்டும். பட்டினிச் சாவில் தேனீக்கள் வெற்று அறைகளுக்குள் தலையை நுழைத்தபடி வரிசையாகச் செத்திருக்கும், கைக்கெட்டும் தொலைவில் தேன் இருக்காது. தேனீயின் ஒட்டுண்ணியான வர்ரோவா உண்ணியால் அழிந்த பெட்டியில் தேனீயே குறைவாக இருக்கும். புழு வளர்ந்த அறைகளின் மேற்சுவரில் வெள்ளைப் பொடிபோல உண்ணிக் கழிவு ஒட்டியிருக்கும், சிறகு சுருங்கிய தேனீக்களும் கிடைக்கும். நடைமுறையில் இவை கலந்தே வரும். உண்ணியால் மெலிந்து சிறுத்த திரள்தான் ஈரத்துக்கு முதலில் பலியாகிறது. ஆகவே இலையுதிர் காலத்தில் உண்ணியைக் கட்டுப்படுத்தாமல் விட்டு, மூடியில் துளை போட்டுக் கூட்டத்தைக் காப்பாற்றலாம் என்று யாரும் நம்ப வேண்டாம்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது

மழையோ பனியோ உள்ளே புகவில்லை. தண்ணீரைத் தேனீக்களே உண்டாக்கின. திரள் தன்னைச் சூடாக வைத்திருக்கத் தேனை எரிக்கிறது. 180 கிராம் குளுக்கோஸ் எரிந்தால் 108 கிராம் தண்ணீர் பிறக்கும். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை, 17 முதல் 18 சதவீதம் தண்ணீர். எனவே ஒரு கிலோ தேன் செலவானால் எரிப்பில் 480 கிராம், ஏற்கெனவே தேனில் இருந்தது 170 கிராம், மொத்தம் 650 கிராம் தண்ணீர் வெளிவருகிறது. குளிர்காலம் முழுதும் 12 கிலோ தேன் தின்ற கூட்டம் கிட்டத்தட்ட 8 லிட்டர் தண்ணீரைப் பெட்டிக்குள் ஆவியாக விட்டிருக்கிறது.

ஆவியாக இருக்கும்வரை தொல்லையில்லை. ஆனால் காற்று குளிரக் குளிர அதன் கொள்ளளவு சரிந்துகொண்டே போகும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் ஆவியைத் தாங்கும், 10 டிகிரியில் 9.4 கிராம், 0 டிகிரியில் 4.8 கிராம், மைனஸ் 10 டிகிரியில் 2.4 கிராம். திரளின் நடுவிலிருந்து வெதுவெதுப்பாக எழும் காற்று குளிர்ந்த பரப்பில் பட்டதும் மிச்சத்தை அங்கேயே கொட்டிவிடும். எந்தப் பரப்பு என்பதில்தான் கூட்டத்தின் உயிர் இருக்கிறது.

நம் பெட்டிக்குக் கணக்குப் பார்ப்போம். திரளுக்கு நேர் மேலே மூடிக்கடியில் காற்று 12 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று கொள்வோம். இந்தக் காற்றின் பனிப்புள்ளி, அதாவது ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 7.7 டிகிரி. வெளியே மைனஸ் 10 இருக்கும்போது 20 மி.மீ. பலகை மூடியின் உட்பரப்பு 4 முதல் 5 டிகிரிக்கு இறங்கிவிடும். பனிப்புள்ளிக்குக் கீழே வந்துவிட்டதால் தண்ணீர் கூரையில் கோத்து, தேனீக்களின் தலைமேல் சொட்டும். அதே மூடிக்கு 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (பாலிஸ்டைரீன்) நுரைப்பலகையைச் சேர்த்தால் உட்பரப்பு 10.5 டிகிரிக்கு மேல் நிற்கும். கூரையில் ஒரு துளியும் கோக்காது. சுவரின் உட்பரப்போ 3 டிகிரி அல்லது அதற்கும் கீழேதான் இருக்கும். ஆவி அங்கே போய்ப் படிந்து, சுவரோரமாக வழிந்து, அடிப்பலகை வழியே வெளியேறும். தண்ணீரின் அளவு மாறவில்லை, விழும் இடம் மாறிவிட்டது.

கடுங்குளிர் நீடிக்கும்போது கூரையில் படிவது துளியாக நில்லாமல் உறைபனியாகவே ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேரும். பிறகு ஒருநாள் வெயில் வந்து மூடித் தகடு சூடாகும்போது, சேர்ந்தது அத்தனையும் சில மணி நேரத்தில் மழையாகப் பொழியும். அன்றிரவு மறுபடி உறைகிறது. மைனஸ் 10-ஐத் தாண்டி வந்த கூட்டம், இளவெயில் அடித்த வாரத்தில் செத்துப்போவதன் காரணம் இதுதான். திரளின் புறத்தேனீக்கள் சுமார் 10 டிகிரியில் தாக்குப்பிடிக்கின்றன. அதற்கு இரண்டு டிகிரி கீழே போனாலே விறைத்து உதிர்ந்துவிடும். நனைந்த தேனீக்கு அந்த இரண்டு டிகிரி நிமிடக் கணக்கில் போய்விடுகிறது.

காற்று எவ்வளவு வேண்டும்

ஈரம் என்றதும் பெரிய பெரிய துளை போடுவது ஒரு கட்சி. மரப்பொந்தில் மேல்துளை ஏது என்று கேட்டு எல்லாவற்றையும் அடைப்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது.

தேனீ ஆய்வாளர்களான தாமஸ் சீலியும் ரோஜர் மோர்ஸும் மரப்பொந்துக் கூடுகளை வெட்டி அளந்து, முடிவுகளை 1976-ல் வெளியிட்டார்கள். 40 லிட்டர் அளவுள்ள பொந்து, அடிப்பகுதியில் ஒற்றைச் சிறு வாசல், பிசின் பூசிய உட்சுவர் என்பதே தேனீக்களின் வழக்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பொந்துக்குச் சுற்றிலும் கனத்த மரம் இருக்கிறது. 2016-ல் ஆய்வாளர் டெரக் மிட்செல் வெளியிட்ட அளவீடுகளின்படி, மனிதர் செய்யும் பெட்டிகள் மரப்பொந்தைப்போல நான்கு முதல் ஏழு மடங்கு வெப்பத்தை இழக்கின்றன. 20 மி.மீ. பலகைப் பெட்டியை மரப்பொந்து என்று எண்ணி மேலே முழுக்க அடைத்தால் இந்த ஆய்வின் பெட்டிதான் கிடைக்கும். மாறாக, சுவரும் மூடியும் கனத்த நுரையால் ஆன பெட்டிக்கு மேல்துளை தேவையில்லை. கீழ்வாசலே போதும்.

நம் பலகைப் பெட்டிக்கு வருவோம். புழு வளர்ப்பில்லாத காலத்தில் மாதம் 2 கிலோ தேன் செலவு என்றால் நாளைக்கு 43 முதல் 45 கிராம் தண்ணீர் உண்டாகும். மைனஸ் 5 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம் ஆவியோடு உள்ளே வருகிறது. 10 டிகிரிக்குச் சூடாகி 7.5 கிராமோடு வெளியேறுகிறது. ஒவ்வொரு கன மீட்டரும் 4.5 கிராமைச் சுமந்து போனால், நாளைக்கு 10 கன மீட்டர் போதும். கீழ்வாசலுக்கும் மேல்துளைக்கும் 40 செ.மீ. உயர வேறுபாடு, 12 டிகிரி வெப்ப வேறுபாடு இருந்தால், சூடான காற்று தானே எழும் வேகம் நொடிக்கு 35 செ.மீ. அளவு வரும். அந்த வேகத்தில் 10 கன மீட்டரை வெளியேற்ற 20 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைத் துளை போதுமானது.

இதற்குக் கூட்டம் ஒரு விலை கொடுக்கிறது. அந்தக் காற்றைச் சூடாக்க மட்டும் நாளைக்கு 15 கிராம் தேன், அதாவது அன்றைய செலவில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கால்பங்கைத் தாங்கலாம். மூடியின் நான்கு மூலையிலும் தீக்குச்சி வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டியின் உட்சுற்றளவு 167 செ.மீ., இடைவெளி 2 மி.மீ., மொத்தத் திறப்பு 33 சதுர செ.மீ. 20 மி.மீ. துளையின் பரப்போ 3.1 சதுர செ.மீ. தான். தீக்குச்சி வைத்தவர் பத்துத் துளை போட்டிருக்கிறார். பெட்டி உலரும், ஆனால் காற்றடிக்கும் இடத்தில் சிறு கூட்டம் தேனைத் தின்று தீர்த்து, திரளை விட்டு நகர முடியாமல் பட்டினியால் சாகும். அமெரிக்க வேளாண்துறைக்காகச் சார்ல்ஸ் ஓவன்ஸ் 1971-ல் வெளியிட்ட வெப்ப அளவீடுகள் காட்டியதுபோல, தேனீக்கள் பெட்டியைச் சூடாக்குவதில்லை, திரளை மட்டுமே சூடாக்குகின்றன. குளிர்ந்த வெற்றிடத்தைத் தாண்டிப் பக்கத்துச் சட்டத்துக்குப் போவது அவற்றுக்கு உயிர்ப்பணயம்.

அடிப்பலகைக்குப் பதில் கம்பிவலை போட்டுத் திறந்து விட்டால் ஈரம் போய்விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஈரக்காற்று மேலே ஏறுகிறது. அடியில் எவ்வளவு திறந்தாலும் குளிர்ந்த கூரை குளிர்ந்த கூரையாகவே இருக்கும்.

திருத்தம்

வரிசை முக்கியம்: முதலில் கூரையை வெப்பமாக்கு, பிறகு துளை. கூரைக்கு ஒன்றும் செய்யாமல் துளை மட்டும் போட்டால் சொட்டு குறையும், நிற்காது.

சட்டங்களின் மேல் 50 மி.மீ. உயரமுள்ள ஒரு விளிம்புச் சட்டகம் வைக்க வேண்டும். வெளியளவு பெட்டியைப்போலவே 505 × 413 மி.மீ., 20 மி.மீ. பலகை, மூலைக்கு இரண்டு திருகு. முன்பக்க நடுவில் 20 மி.மீ. துளை. வெளியிலிருந்து துளைக்கும்போது துரப்பணத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் மழைநீர் உள்ளே வராது. துளை கூரைக்கு ஒட்டியபடி இல்லாமல் விளிம்பின் பாதி உயரத்தில் இருப்பது நல்லது. அதற்கு மேலுள்ள வெதுவெதுப்பான காற்று ஒரு மெத்தைபோலக் கூரையடியில் தங்கும்.

விளிம்பின் மேல் 4 முதல் 6 மி.மீ. ஒட்டுப்பலகை, அதன் மேல் நேரடியாக 50 மி.மீ. நுரைப்பலகை, அதன் மேல் பழைய மூடி, மேலே பாரம் அல்லது கட்டுப்பட்டை. ஒட்டுப்பலகைக்கும் நுரைப்பலகைக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி கூடாது. அதிகம் நடக்கும் பிழை இதுதான். மூடியில் காற்றுத்துளை இருந்து, நுரைப்பலகை அதற்கு மேலே இருந்தால், குளிர்காற்று நுரைக்கு அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நுரை இருந்தும் பயனில்லை, கூரை மறுபடி சொட்டும். நுரைப்பலகையின் ஓரங்களை அலுமினிய ஒட்டுநாடாவால் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பும் தேனீயும் குடைந்துவிடும்.

நுரைப்பலகை வேண்டாம் என்பவர்களுக்கு மரச்சீவல் அடுக்கு இருக்கிறது. 100 மி.மீ. உயரச் சட்டகம், அடியில் 3 மி.மீ. கம்பிவலை, வலைமேல் கோணித்துணி, அதில் 75 மி.மீ. தடிமனுக்கு உலர்ந்த சீவல். சீவலின் மட்டத்துக்கு மேலே, எதிரெதிர்ப் பக்கங்களில் 25 மி.மீ. துளை ஒவ்வொன்று, எலியும் தேனீயும் போகாதபடி வலையடித்தது. ஆவி துணி வழியே மெல்ல ஏறி, சீவலின் மேற்பகுதியில் குளிர்ந்து அங்கேயே தங்கும். மேலே 2 செ.மீ. நனைந்து, கீழே உலர்ந்திருந்தால் அடுக்கு சரியாக வேலை செய்கிறது. அடிச்சீவலும் நனைந்திருந்தால் துளை அடைபட்டிருக்கும், அல்லது சீவலுக்குப் பதில் நைசான மரத்தூளைப் போட்டிருப்பார்கள். தூள் இறுகி, ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும், காற்றை விடாது. அடுக்கை வெயில் காலத்திலேயே வைத்துவிட்டால் தேனீக்கள் துணியைப் பிசினால் பூசி மூடிவிடும். எனவே திரள் கூடும் நேரத்தில் வைக்க வேண்டும்.

கீழ்வாசல் 8 மி.மீ. உயரம், 75 முதல் 100 மி.மீ. அகலம். 8 மி.மீ.க்கு மேல் உயரம் இருந்தால் சுண்டெலி புகும். பெட்டியின் பின்பக்கத்தை 1 முதல் 2 செ.மீ. உயர்த்தி வைத்தால் சுவரில் வழியும் நீர் வாசல் வழியே இறங்கிவிடும். இதற்கு ஒரு மரத்துண்டு போதும், ஆனாலும் மறந்துபோகிறவர்கள் அதிகம். பின்னோக்கிச் சாய்ந்த பெட்டியில் நீர் பின்மூலையில் தேங்கி உறைந்து, செத்த தேனீக்களோடு சேர்ந்து அழுகும். பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் அடிவரை இறுகச் சுற்றக் கூடாது. காற்றுத் தடுப்புக்குத் தார்த்தாள் சுற்றலாம், வாசலும் மேல்துளையும் அதில் சரியாக வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

உணவு கொடுப்பதிலும் ஈரம் இருக்கிறது. 2 கிலோ சர்க்கரைக்கு 1 கிலோ தண்ணீர் சேர்த்த கெட்டிப் பாகானாலும், 3 கிலோவில் அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீரைத் தேனீக்கள் வற்ற வைத்தாக வேண்டும். பகல் வெப்பம் 10 முதல் 12 டிகிரிக்குக் கீழே நிலைத்த பின் ஊட்டிய பாகு மூடப்படாமல் கிடந்து, மேலும் ஈரத்தை உறிஞ்சிப் புளிக்கும். புளித்த உணவு வயிற்றுப்போக்கைத் தரும். அந்த வேளையில் குறை இருந்தால், விளிம்பு இடைவெளியில் செய்தித்தாள் விரித்து 1 முதல் 2 கிலோ உலர் சர்க்கரையைக் கொட்டலாம். தாளில் லேசாக நீர் தெளித்துவிட வேண்டும். சர்க்கரை எழும் ஆவியை உறிஞ்சிக் கெட்டிப்பட்டு, ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும், அவசர உணவாகவும் நிற்கும்.

திறக்காமல் கண்காணித்தல்

மேல்துளையின் ஓரத்தில் வெண்பனி படிந்திருப்பது நல்ல அடையாளம். ஆவி வெளியேறுகிறது, கூட்டம் உயிரோடிருக்கிறது. கடுங்குளிரில் பக்கத்துப் பெட்டிகளில் பனி படிந்து ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அதைக் குறித்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வளைந்த கம்பியால் கீழ்வாசலில் சேரும் செத்த தேனீக்களை இழுத்துவிட வேண்டும். பனிக்குவியல் கீழ்வாசலை மூடிவிட்டால் மேல்துளையே மூச்சுவழி, வெயில் நாளில் கழிவகற்றப் பறக்கும் தேனீக்களுக்கும் அதுவே வழி.

ஈரமானி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த மூலையில் வைத்தால் அது எப்போதும் 100 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும், நல்ல பெட்டியிலும். அதைப் பார்த்துப் பயந்து துளையைப் பெரிதாக்கக் கூடாது. கருவியைக் கூரையடியில், திரளுக்கு மேலே வைத்து, வெப்பத்தையும் சேர்த்துப் படித்தால்தான் பனிப்புள்ளி தெரியும்.

முழுக்க உலர்த்துவதும் நோக்கமன்று. குளிர்காலத்தின் பிற்பகுதியில் ராணி முட்டையிடத் தொடங்கியதும், தேனைக் கரைத்துப் புழுக்களுக்கு ஊட்டத் தேனீக்களுக்குத் தண்ணீர் வேண்டும். வெளியே பறக்க முடியாத நாட்களில் சுவரில் படிந்த துளிகளையே குடிக்கின்றன. சுவரில் ஈரம், கூரையில் வறட்சி என்ற நிலைதான் வேண்டியது.

புழு வளர்ப்புக்கு 34 முதல் 35 டிகிரி தேவை. கூட்டம் அதிக வெப்பம் செலவிடும் காலமும் அதுவே, ஆகவே வசந்தம் வந்ததென்று நுரைப்பலகையை அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம். பகல் 12 முதல் 15 டிகிரிக்கு நிலைத்ததும் முதலில் மேல்துளையைத் தக்கையால் அடைக்கலாம். நுரைப்பலகை இரவு உறைபனி முழுதாக நிற்கும்வரை இருக்கட்டும்.

செத்த பெட்டியின் சட்டங்களை என்ன செய்வது? முதலில் அறைகளின் கீழ்ச்சுவரில் சுரண்டினாலும் வராத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். இருந்தால் அது அமெரிக்கப் புழு அழுகல் நோயாக இருக்கக்கூடும். அந்தச் சட்டங்களை வேறு பெட்டிக்குக் கொடுக்கவே கூடாது, அந்தப் பகுதியின் தேனீ நோய் விதிகளின்படி அறிவித்து எரிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக் கறை அடர்ந்த அடைகளை உருக்கி மெழுகாக்கிவிடலாம். வெறும் பூசணம் மட்டும் உள்ள அடைகளைக் காற்றாட நிறுத்தி, செத்த தேனீக்களைத் தட்டிவிட்டு, பலமான கூட்டத்துக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தால் அவை சில நாட்களில் துடைத்துப் பயன்படுத்திக்கொள்ளும்.